யு.கே. ஸ்கில்டு வொர்க்கர் விசா: நம் கையிலிருந்து எவ்வளவு போகும்?

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது விசா கட்டணத்தைத்தான். இந்தியாவிலிருந்து மூன்று ஆண்டு விசாவுக்கு விண்ணப்பித்தால், 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி 769 பவுண்டு. இவ்வளவுதானே என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், பெரிய தொகை இனிமேல்தான் வருகிறது. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக ஹெல்த் சர்சார்ஜ் என்று ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழ் 776. இதை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கட்டியாக வேண்டும்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று ஆண்டு. விசா கட்டணம் குழந்தைக்கும் அதே 769, ஆக நால்வருக்கு 3,076. சர்சார்ஜ் பெரியவர்கள் இருவருக்கும் 6,210, பிள்ளைகளுக்கு 4,656. மொத்தம் 13,942 பவுண்டு! பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தாலே 16 லட்சம். அதனால்தான் பலர் முதலில் தனியாகப் போகிறார்கள்; தனி ஆளுக்கு 3,874 பவுண்டில் முடிந்துவிடும், ஓராண்டு கழித்துக் குடும்பம் வந்தால் மீதமுள்ள காலத்துக்கு மட்டும் சர்சார்ஜ் கட்டினால் போதும். நர்ஸ், டாக்டர் என்றால் ஹெல்த் அண்ட் கேர் விசா, அதில் சர்சார்ஜே கிடையாது.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். உங்களை வேலைக்கு எடுப்பதாகக் கம்பெனி தரும் சி.ஓ.எஸ். எனும் ஸ்பான்சர் சான்றுக்கான 525 பவுண்டு, வெளிநாட்டு ஆளை எடுக்கக் கம்பெனி வாங்கும் ஸ்பான்சர் லைசென்ஸின் கட்டணம், அப்படி எடுப்பதற்கு அரசு விதிக்கும் ஸ்கில்ஸ் சார்ஜ் இவையெல்லாம் கம்பெனி கட்ட வேண்டியவை. 2024 டிசம்பர் 31 முதல் சி.ஓ.எஸ். கட்டணத்தையும் லைசென்ஸ் கட்டணத்தையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஸ்கில்ஸ் சார்ஜுக்கோ அதற்கு முன்பே தடை. ஆகவே ஏஜென்ட் யாராவது "சி.ஓ.எஸ். வாங்கித் தர இத்தனை லட்சம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, போன இடத்தில் வேலையும் இல்லாமல் நிற்கிற குடும்பங்கள் நிறைய.

அப்புறம், போன புதிதில் உங்கள் செலவைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்ட, செலவாகாத பணம் ஒன்றும் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். 1,270 பவுண்டு, தொடர்ந்து 28 நாள். நடுவில் ஒரே ஒரு நாள் இ.எம்.ஐ. பிடித்து இருப்பு அதற்குக் கீழே இறங்கினாலும் 28 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். சி.ஓ.எஸ்ஸிலேயே கம்பெனி இதற்குப் பொறுப்பேற்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, எனவே ஹெச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டும் நாளில் கார்டைப் பாருங்கள்: வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்தீர்களா, லிமிட் போதுமா? கூகுளில் பார்க்கும் மாற்று விகிதத்தைவிடக் கூடத்தான் பிடிப்பார்கள், அதற்கு மேல் வங்கியும் தன் பங்கை எடுக்கும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு செலவு தனி. பயோமெட்ரிக் கொடுக்கும் இடத்தில் எஸ்.எம்.எஸ்., லவுஞ்ச் என்று கூடுதல் சேவைகளுக்குப் பணம் கேட்பார்கள், எதுவும் கட்டாயமில்லை. அவசரம் இருந்தால் மட்டும் 500 பவுண்டு கட்டி, முடிவு சீக்கிரம் வரும் பிரையாரிட்டி சேவையை எடுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பி வரும், விசா கட்டணம் வராது.