சென்னையில் சின்ன வாடகை வீட்டைக் கொஞ்சம் சாமானை வைத்துச் சரிசெய்வது எப்படி?

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்கவும் வேலைக்கும் சென்னை வந்து, ஓரிரு வருஷம் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ட்ரில் மெஷின் வாங்கி வைக்க மனசு வராது. வாங்கினாலும் ஊருக்குத் தூக்கிப் போக முடியாது. கவலை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அடங்குகிற சாமான் போதும். வேலையின் வரிசைதான் முக்கியம். பலரும் வந்ததும் வராததுமாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். சுவருக்குள் ஈரம் இருந்தால் அந்தப் பெயின்ட் அடுத்த ஐப்பசி மழையைத் தாண்டாது.

முதலில்: எது யார் செலவு?

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஹவுஸ் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு.

சட்டம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில், அதாவது வீடு எடுக்கும்போது கொடுத்த முன்பணத்தில், கழித்துக்கொள்வது இங்கே சகஜம். அதனால் சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். “சார், மேல்வீட்டு பாத்ரூம் ஈரம் நம்ம சுவருக்கு இறங்குது, ஒரு தடவை வந்து பாருங்க” என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஓதம் அடிக்கிற இடத்தில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அது மேல்வீட்டுக் கசிவோ, வெளிச்சுவர் விரிசலோ, தரையிலிருந்து ஏறுவதோ, எதுவானாலும் ஓனர் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியது. நீங்கள் பட்டி (சுவர்ப் பள்ளத்தை நிரப்பும் மாவுப் பூச்சு) பூசி அதை மறைக்காதீர்கள். வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

குழாய்ச் சொட்டு

வாய் வழியாகச் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. சுவரோடு சேரும் மரையில் கசிந்தால் டெஃப்லான் டேப் என்கிற மெல்லிய வெள்ளை நாடாவைப் போட வேண்டும். முதலில் வால்வை மூடுங்கள். பழைய அடுக்குமாடிகளில் அது மொட்டை மாடியில் டேங்க் அடியில் இருக்கும். மூடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே வால்வாகவும் இருக்கலாம்! குழாயைக் கழற்றி, மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து வந்துவிடும். கையால் திருகிக் கடைசியில் மட்டும் ஸ்பேனர். பலம் காட்டினால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ (குழாயின் வளைவுத் துண்டு) விரிசல் விடும், அப்புறம் டைல்ஸையே உடைக்க வேண்டி வரும்.

ஷவரில் தண்ணீர் நூலாக வந்தால் போர் தண்ணீரின் உப்பு அடைத்திருக்கிறது. கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீர்கள். அதுவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின், மூச்சை அடைக்கிற விஷ வாயு.

சுவருக்குப் பட்டி பார்த்தல்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஒரு கிலோ பட்டி மாவு, நாலு இஞ்ச் பட்டி பிளேடு, 120-ம் 220-ம் நம்பர் உப்புத்தாள், ஒரு பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடைகள் நிறைந்த பாரிமுனை செம்புதாஸ் தெருவரை போக வேண்டிய அளவுக்கு இது பெரிய வேலை இல்லை.

பொரிந்து நிற்கும் பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டுங்கள். கெட்டியான சுவர் வரும்வரை சுரண்ட வேண்டும். தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் கேட்கிற பூச்சை விட்டு வைக்காதீர்கள். சுரண்டும்போது பெயர்ந்து வருகிற செதிலில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு முழுசாக ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கலர் மிக்ஸிங் மெஷின் இருக்கும் பெயின்ட் கடையில் காட்டினால் அதற்கு ஒத்த நிறம் கலந்து தருவார்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டித் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

கால் கிலோ மாவுக்கு நூறு மில்லி தண்ணீர் போதும். தண்ணீரில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்குங்கள். பிளேடைச் சாய்த்தால் வழியாமல், மெதுவாக நகர வேண்டும், அதுதான் பதம். சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக மெல்லியதாக இழுங்கள். ஆணி ஓட்டை ஆழமாக இருந்தால் ஒரே தடவையில் அடைக்காதீர்கள், காயும்போது உள்வாங்கிக் குழி விழும். முதல் கோட் காய மூன்று நான்கு மணி நேரம். மழை நாளில் மறுநாள்வரை காத்திருங்கள். 120-ல் தேய்த்து, இரண்டாவது கோட் இழுத்து, அது காய்ந்ததும் 220-ல் தேயுங்கள். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், தூசி பறக்கும். கடைசியாக, பெயின்ட்டுக்கு அடிப்பூச்சாக ஒரு கோட் ப்ரைமர்.

நிறம் எவ்வளவு ஒத்துப் போனாலும் சுவரின் நடுவில் ஒட்டுப் போட்டது தெரியும். முடிந்தால் அந்த ஒரு சுவரை மூலைக்கு மூலை அடித்துவிடுங்கள். டூத் பேஸ்ட்டால் ஓட்டை அடைக்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மழைக்காலத்தில் கதவு இறுகினால் இழைப்புளி போடச் சொல்லாதீர்கள், பங்குனி வெயிலில் அது தானாகச் சுருங்கும். உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டில்

இலங்கை, மலேசியா, இந்தியா மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பின் மட்டும் வேறு, அடாப்டர் போதும் என்று நினைப்போம். போனுக்கும் லேப்டாப்புக்கும் அது சரி. ஆனால் இங்கே சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். கணக்குப் போட்டால் 1,380 வாட் தாங்கும். 2,000 வாட் கெட்டிலை அடாப்டர் வைத்து அதில் செருகினால் சாக்கெட் சூடேறி உருகலாம். பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் சமையலறையில் ஒன்றாவது இருக்கும், கெட்டிலுக்கு 16 ஆம்பியர் பிளக் மாற்றி அங்கே போடுங்கள். சாக்கெட் தளர்ந்து தீப்பொறி வந்தால், நம் செலவானாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் சரி.

மிச்சமான பட்டி மாவை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். பாக்கெட்டைத் திறந்தபடி விட்டால் சென்னைக் காற்றின் ஈரத்திலேயே கட்டி தட்டிவிடும்.