பூனைக்கு டிரை ஃபுட்டா, வெட் ஃபுட்டா? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து முடிவு செய்வது எப்படி

பூனை உணவு வாங்கப் போனால் ஒரே கோழிக்கறி, ஏறக்குறைய ஒரே பூனைப் படம், ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல நாலு மடங்கு இருக்கும். எதற்கும் விலை கூடினதையே எடுத்துவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கால்குலேட்டரும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

படி 1: முன்பக்கத்தை விடுங்கள்

"பிரீமியம்", "சூப்பர் பிரீமியம்" என்பதெல்லாம் விற்பனைச் சொற்கள், அவற்றுக்குச் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது. பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" அல்லது வெறுமனே "கம்ப்ளீட்" என்று இருக்கிறதா, எந்த வயதுப் பூனைக்கு என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். "காம்ப்ளிமென்டரி" என்று போட்டிருந்தால் அது நொறுக்குத்தீனிதான், அதை மட்டுமே கொடுத்துப் பூனையை வளர்க்க முடியாது. குழம்பில் மிதக்கும் அழகான மீன் துண்டுகள் உள்ள பவுச்சுகளில் இந்த வகை நிறைய உண்டு, விலையும் குறைவில்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், பூனை கட்டாய மாமிச உண்ணி. டாரைன் என்ற சத்தைத் தனக்கு வேண்டிய அளவு அதன் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது, உணவில் வந்தே ஆகவேண்டும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகும். நாய் உணவைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

படி 2: தண்ணீரைக் கழித்துப் பாருங்கள்

பலரும் வழுக்கி விழும் இடம் இது. வெட் ஃபுட் பாக்கெட்டில் புரதம் 10% என்றும், டிரை ஃபுட்டில் 32% என்றும் இருக்கும். உடனே டிரைதான் சத்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் வெட் ஃபுட்டில் 80% வரை தண்ணீர், டிரையில் சுமார் 10%தான். திராட்சையையும் உலர்திராட்சையையும் அப்படியே நிறுத்துப் பார்த்து ஒப்பிட முடியுமா? தண்ணீரை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும்.

வெட்: 100 கிராமில் தண்ணீர் 80 போனால் மீதி 20. அதில் புரதம் 10 கிராம், ஆக 50%.
டிரை: தண்ணீர் 10 போனால் மீதி 90. அதில் புரதம் 32 கிராம், ஆக சுமார் 36%.

கதையே தலைகீழாகிவிட்டதா? அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கும் செல்லப்பிராணி உணவுக்கும் தர அளவுகளை வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்சப் புரத அளவு, இப்படித் தண்ணீர் நீக்கிய கணக்கில், வளர்ந்த பூனைக்கு 26%, குட்டிக்கு 30%. அது அடிமட்டம் மட்டும்தான், அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது.

மாவுச்சத்தைப் பாக்கெட்டில் பெரும்பாலும் போடமாட்டார்கள். நாமே கண்டுபிடிக்கலாம்: 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) எல்லாவற்றையும் கழியுங்கள். சாம்பல் போடவில்லை என்றால் டிரைக்கு 7, வெட்டுக்கு 2 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அந்த டிரை ஃபுட்டில் கொழுப்பு 12, நார்ச்சத்து 4 என்றால் மாவுச்சத்து 35 வரும், தண்ணீர் நீக்கினால் 39%. விலை கூடின "கிரெய்ன் ஃப்ரீ" பாக்கெட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டு, மாவுச்சத்து அதே அளவில் நிற்பதுண்டு.

படி 3: பொருள் பட்டியல்

எடை வரிசையில்தான் எழுதுவார்கள். முதல் பெயர் "கோழிக்கறி" என்றால் சந்தோஷம்தான், ஆனால் பச்சைக் கறியில் முக்கால்வாசி தண்ணீர், அந்த எடையில்தான் அது முதலிடம் பிடிக்கிறது. அடுத்தடுத்து சோளம், சோளப் புரதம், அரிசி மாவு என்று மூன்று பெயர் வந்தால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். எலி பிடிக்கும் பூனை கறியை மட்டும் பிரித்தெடுத்தா தின்கிறது?

படி 4: உங்கள் பூனையைப் பாருங்கள்

பூனைக்கு இயல்பிலேயே தாக உணர்வு குறைவு. டிரை மட்டும் தின்னும் பூனை அந்தக் குறையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முழுக்க ஈடுகட்டுவதில்லை. சிறுநீர்த் தொல்லை, மலச்சிக்கல், அதிக எடை உள்ள பூனைக்கு வெட் பக்கம் சாய்வது நல்லது. இன்னொன்று, ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் சொட்டாகவோ, வராமலோ இருந்தால் உணவை மாற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த நேரமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் உணவு முடிவும் அவருடையதே.

டிரை கடித்தால் பல் சுத்தமாகும் என்பதை நம்ப வேண்டாம், அதற்கென்றே தயாரித்த வகைகள் தவிர மற்றவை பல் நுனியிலேயே நொறுங்கிவிடும்.

படி 5: கிலோ விலை அல்ல, நாள் விலை

4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிலோகலோரி தேவை. டிரையில் ஒரு கிராமுக்கு 3.5 முதல் 4 வரை இருக்கும், ஆக 50, 55 கிராம் போதும். 85 கிராம் வெட் பவுச்சில் 70, 80தான் இருக்கும், கிட்டத்தட்ட மூன்று வேண்டும். பாக்கெட் விலையை அதிலுள்ள மொத்தக் கலோரியால் வகுத்து 200ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். விலை கூடின டிரையில் கலோரி அடர்த்தி அதிகமாக இருந்தால், அதற்கும் மலிவானதற்கும் உள்ள தூரம் பாக்கெட் விலையில் தெரிந்த அளவு இருக்காது.

கையைக் கடிக்கிறதா? ஒரு பவுச்சும் 35 கிராம் டிரையும் கலந்து கொடுங்கள், கணக்கு சரியாக வரும். என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் தோது. டிரையைக் கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். பெரிய மூட்டை மலிவுதான், ஆனால் ஒற்றைப் பூனை அதைத் தின்று முடிப்பதற்குள் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும்.

படி 6: மெதுவாக மாற்றுங்கள்

7 முதல் 10 நாள். கால் பங்கு புதிது, பிறகு பாதி, பிறகு முக்கால். கழிச்சல் வந்தால் இரண்டு நாள் அதே அளவில் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜில் இருந்த வெட் ஃபுட்டை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும்பும், முகர்ந்துவிட்டுப் போன பூனை திரும்பி வரும். பசித்தால் தானே தின்னும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் பூனை ஒன்றுமே தின்னாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய உணவைக் கொடுத்துப் பாருங்கள், அதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

ஒரு மாதம் கழித்து எடை போட்டுக் குறித்து வையுங்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படவேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. எடை ஏறியிருந்தால் முதலில் டிரையில் 5 கிராம் குறையுங்கள், பிராண்டை மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.