முதல் ஆர்.சி. விமானத்துக்கு ரிசீவர்: வாங்குவதிலிருந்து ரேஞ்ச் சோதனை வரை

கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் ரேடியோவில் அனுப்பும் கட்டளையை வாங்கி, ஆர்.சி. (ரேடியோவால் ஓட்டும்) விமானத்தின் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டிதான் ரிசீவர். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. எடை பத்துப் பதினைந்து கிராம். இறக்கைக்கும் மோட்டாருக்கும் நாள்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள்கூட இதைக் கடைசி நேரத்தில், இடம் கிடைத்த பொந்தில் திணித்துவிட்டுப் பறக்கவிடக் கிளம்புவார்கள். நானும் அந்த ஆள்தான். மூன்று விமானம் நொறுங்கிய பிறகுதான் திருந்தினேன்.

புதிதாக வருகிறவர்கள் ரிசீவரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு தூரம் எடுக்கும்?” தரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்து ஓட்டும் சிறிய விமானம் சில நூறு மீட்டர் போனாலே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். அந்தத் தூரம் ஒழுங்கான ரிசீவர் எதற்கும் பெரிதில்லை. என்னைக் கேட்டால் கேட்க வேண்டியது இது: சிக்னல் கிடைக்காமல் போகும் அந்த ஒரு நொடியில் இந்தப் பெட்டி என்ன செய்யும்? கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

படி 1: டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துவிட்டு ரிசீவர் வாங்குங்கள்

இன்று விற்கும் பெரும்பாலான செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அதை வைத்து, எந்த ரிசீவரும் எந்த டிரான்ஸ்மிட்டரோடும் பேசும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே அலைவரிசை, ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி புரோட்டோகால், அதாவது பேசும் மொழி. ஸ்பெக்ட்ரமுக்கு டி.எஸ்.எம்.எக்ஸ். ஃபுட்டாபாவுக்கு ஃபாஸ்ட், எஸ்-எஃப்.ஹெச்.எஸ்.எஸ். ஃப்ளைஸ்கைக்கு ஏ.எஃப்.ஹெச்.டி.எஸ். 2ஏ. ஃப்ரீஸ்கைக்கு டி8, டி16, ஆக்சஸ். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். மட்டும் திறந்த மூலத் திட்டம். பல நிறுவனங்கள் அதற்கு ரிசீவர் செய்கின்றன.

பெட்டியில் இருக்கும் நிறுவனப் பெயர் போதாது, புரோட்டோகால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃப்ரீஸ்கையில் இன்னொரு சிக்கல் உண்டு: ஐரோப்பாவுக்கான எல்.பி.டி. ஃபர்ம்வேரும் (உள்ளே ஓடும் மென்பொருள்) மற்ற இடங்களுக்கான எஃப்.சி.சி. ஃபர்ம்வேரும் ஒன்றோடொன்று பைண்ட் ஆகாது, அதாவது இணையாது. ஒரே மாடல் எண், ஒரே பெட்டி, இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. மல்டி புரோட்டோகால் மாட்யூல் உள்ள டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

படி 2: எத்தனை சேனல், எந்த மாதிரி வெளியீடு

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு சேனல். ஏலரான் (இறக்கையில் அசையும் பலகை, விமானத்தைச் சாய்க்கும்), எலிவேட்டர் (வாலில் கிடையாக இருப்பது, மூக்கை ஏற்றி இறக்கும்), த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் (வாலில் செங்குத்தாக இருப்பது, மூக்கைத் திருப்பும்) என்று 4 சேனல் போதும். ஆனாலும் 6 சேனல் வாங்குங்கள். இரண்டு ஏலரான் சர்வோவை (பலகையை அசைக்கும் குட்டி மோட்டார்) தனித்தனியாக இயக்கவோ ஃபிளாப் சேர்க்கவோ ஆசை வரும்போது மறுபடி செலவு வேண்டாம்.

அடுத்து வெளியீடு. பி.டபிள்யூ.எம். என்றால் ஒரு சர்வோவுக்கு ஒரு சாக்கெட். உலோகப் பின்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகள் அனுப்பும். துடிப்பின் நீளம் 1 மில்லி நொடி என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறுகோடி, 1.5 நடு. எஸ்பஸ், ஐபஸ், சி.ஆர்.எஸ்.எஃப். ஆகியவை எல்லாச் சேனலையும் ஒரே கம்பியில் அனுப்புபவை. அவை பெரும்பாலும் ஃப்ளைட் கன்ட்ரோலருக்கானவை (விமானத்தை நிலைப்படுத்தும் சின்னக் கணினி). முதல் விமானத்துக்கு பி.டபிள்யூ.எம். பின்கள் உள்ளதே வேண்டும். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.-இல் இதைக் கவனிக்காமல், நகத்தளவு ரிசீவரை வாங்கி வந்து, சர்வோவை எங்கே செருகுவது என்று முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் சால்டர் செய்யும் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும்.

“பார்க் ஃப்ளையர்” என்று குறிப்பிட்டவை குறைந்த தூரத்துக்கானவை. சின்ன ஃபோம் விமானத்துக்குச் சரி, பெரியதற்கு “ஃபுல் ரேஞ்ச்” எடுங்கள். கைரோ (விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் சென்சார்) உள்ள ரிசீவர் கற்றுக்கொள்பவருக்கு நல்ல துணைதான். ஆனால் பறப்பதற்கு முன் கைரோவை இயக்கி, விமானத்தின் மூக்கைக் கையால் சட்டென்று கீழே சாயுங்கள். எலிவேட்டர் மேலே எழ வேண்டும். கீழே போனால் கைரோ திசை தலைகீழ். அப்படியே விட்டால் கிளம்பிய வேகத்தில் தரையில் குத்தும்.

படி 3: மின்சாரம்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். என் மூன்று விபத்துகளில் இரண்டு, “சிக்னல் போச்சு” என்று நான் நினைத்தவை, உண்மையில் வோல்டேஜ் இறங்கியதால் வந்தவை.

இந்த மாதிரிச் சின்ன மின்மோட்டார் விமானத்தில் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் பெரும்பாலும் தனி பேட்டரி வைப்பதில்லை. மோட்டாரை இயக்கும் இ.எஸ்.சி.-க்குள் பி.இ.சி. என்ற சின்ன சுற்று இருக்கும். அது பெரிய பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்து, த்ராட்டில் வயர் வழியாகவே ரிசீவருக்குக் கொடுக்கும். மலிவான இ.எஸ்.சி.-களில் பல லீனியர் வகை. மிச்ச வோல்டேஜை வெப்பமாக்கித் தீர்ப்பவை. கணக்கு எளிது. முழுசாக ஏறிய 3 செல் லிப்போ பேட்டரி 12.6 வோல்ட். அதிலிருந்து 5 போக 7.6. சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் வெப்பம், விரல் நகம் அளவு சில்லில். சின்ன சர்வோ ஒன்று காற்றை எதிர்த்து முக்கும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் சேர்ந்து முக்கினால்? சில்லு சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அல்லது வோல்டேஜ் சரியும். ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். வானத்தில் அந்த ஒரு கணம் நீளமானது.

அதனால் 3 செல்லுக்கு மேல் போனாலோ, நான்கு சர்வோவுக்கு மேல் இருந்தாலோ அவ்வளவாகச் சூடேறாத ஸ்விட்சிங் வகை பி.இ.சி. உள்ள இ.எஸ்.சி. அல்லது யூ.பி.இ.சி. (தனியாக வரும் பி.இ.சி.) போடுங்கள். தனியாகப் போட்டால் இ.எஸ்.சி.-இலிருந்து வரும் மூன்று வயரில் நடுவிலிருக்கும் சிவப்பை மட்டும் சாக்கெட்டிலிருந்து உருவி, டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பி.இ.சி. ஒரே ரிசீவரில் மோதக் கூடாது. ரிசீவர் தாங்கும் அதிகபட்ச வோல்டேஜையும் அதன் தாளில் பாருங்கள். எல்லாமே 6 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சோதிப்பது சுலபம். எல்லாவற்றையும் இணைத்து பைண்ட் செய்த பிறகு, ரிசீவரின் காலி சாக்கெட்டில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, இரண்டு ஸ்டிக்குகளையும் ஒரு நிமிடம் விடாமல் சுழற்றுங்கள். 5 வோல்ட் சற்று ஆடலாம். 4.5-க்குக் கீழே தொட்டால் நான் பறக்க மாட்டேன்.

படி 4: வயர்களைச் செருகுதல்

முதல் வேலை, புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். கடைசிப் படிவரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

சர்வோ வயரில் சிவப்பு நடுவில். கறுப்பு அல்லது பழுப்பு நெகட்டிவ். வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். ரிசீவர் மேல் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்துச் செருகுங்கள். திருப்பிச் செருகினாலும் பாசிட்டிவ் நடுவிலேயே இருப்பதால் பெரும்பாலும் எதுவும் புகையாது. சர்வோ அசையாது, அவ்வளவுதான்.

சேனல் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஃபுட்டாபா, ஃப்ளைஸ்கை வழக்கத்தில் 1 ஏலரான், 2 எலிவேட்டர், 3 த்ராட்டில், 4 ரட்டர். ஸ்பெக்ட்ரமில் த்ராட்டில்தான் முதல் சேனல். ஒன்றைப் பழகிவிட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, ஏலரான் ஸ்டிக்கைத் தட்டினால் மோட்டார் சீறும். புரொப்பெல்லரைக் கழற்றச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

படி 5: பைண்ட்

டிரான்ஸ்மிட்டருக்கென்று ஒரு தனி அடையாள எண் உண்டு. அதை ரிசீவர் நினைவில் பதிய வைப்பதே பைண்ட். பக்கத்தில் வேறொருவர் அதே மாடல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தாலும் உங்கள் விமானம் அவர் பேச்சைக் கேட்காது. முன்பு 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இந்த வசதி இல்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் ஒரு விமானமாவது கீழே விழும்.

வழக்கமான முறை: பைண்ட் பிளக்கை அதற்கான சாக்கெட்டில் செருகுங்கள், அல்லது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ரிசீவருக்கு மின்சாரம் கொடுங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டும். டிரான்ஸ்மிட்டரை பைண்ட் நிலைக்குக் கொண்டுபோங்கள். சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தாலோ, சிமிட்டும் வேகம் மாறினாலோ முடிந்தது. பிளக்கை உருவ மறக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.-இல் இரண்டு பக்கமும் ஒரே பைண்டிங் சொற்றொடரைப் பதிந்துவிட்டால் இது எதுவும் தேவையில்லை. பதியாதவர்கள் மின்சாரத்தை மூன்று முறை தொடர்ந்து கொடுத்து எடுத்தால் பைண்ட் நிலைக்குப் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பைண்ட் ஆகவில்லையா? டிரான்ஸ்மிட்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்து மறுபடி முயலுங்கள். மிக அருகில் இருந்தால் சிக்னல் அளவுக்கு மீறி, ரிசீவர் திணறும்.

இப்போது விமானத்தின் பின்னால் நின்று திசைகளைப் பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல ஏலரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. மாறியிருந்தால் டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்யுங்கள்.

படி 6: ஃபெயில்சேஃப்

அந்த ஒரு நொடி இதுதான். சிக்னல் அறுந்தால் ரிசீவர் ஒவ்வொரு சேனலிலும் என்ன துடிப்பை அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு த்ராட்டிலில் ஏறிக்கொண்டிருந்த விமானம் முழு த்ராட்டிலிலேயே கண்ணுக்கு மறையும். த்ராட்டிலுக்கு அது ஆகவே ஆகாது. மோட்டார் நிற்க வேண்டும். மற்ற மூன்றையும் நான் நடுவில் வைக்கிறேன். லேசாக ரட்டர் கொடுத்து, வட்டமடித்துக்கொண்டே இறங்கட்டும் என்று வைப்பவர்களும் உண்டு. திறந்த வெளியில் அது மோசமில்லை.

சில செட்டுகளில் மெனுவில் பதிய வேண்டும். சிலவற்றில் பைண்ட் ஆகும் கணத்தில் த்ராட்டில் ஸ்டிக் எங்கே இருந்ததோ அதுவே பதிந்துவிடும். இதில்தான் நான் மாட்டினேன். த்ராட்டிலைக் கீழே வைத்து ஒழுங்காகப் பதிந்தேன். அப்புறம் இ.எஸ்.சி. தயாராகாமல் விடாமல் பீப் பீப் என்று கத்தியது. அந்தச் சேனல் தலைகீழாக இருப்பது புரிந்து, ரிவர்ஸ் செய்தேன். மோட்டார் அழகாக ஓடியது. திருப்தியோடு டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். விமானம் மேசையிலிருந்து பாய்ந்து ஜன்னல் திரையில் சுற்றிக்கொண்டது. ரிவர்ஸ் செய்வதற்கு முன் பதிந்த “கீழ்” நிலை, ரிசீவரைப் பொறுத்தவரை 2 மில்லி நொடி, அதாவது முழு வேகம். புரொப்பெல்லரும் மாட்டியிருந்தது. திரை கிழிந்ததோடு போயிற்று.

ஆக வரிசை இது: முதலில் ரிவர்ஸ், பிறகு ஃபெயில்சேஃப், எதை மாற்றினாலும் ஃபெயில்சேஃப் மறுபடி. சோதிக்க, புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை மிதமாக ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும்.

படி 7: ஆன்டெனா

ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு வயர் முழுவதும் ஆன்டெனா என்று நினைக்காதீர்கள். உறை நீக்கிய கடைசி 3 சென்டிமீட்டர் சொச்சம் மட்டும்தான் காற்றிலிருந்து சிக்னலை எடுக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு. அந்த முனையை மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, வெட்டவே கூடாது.

ஆன்டெனா தன் நுனி நோக்கும் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வைக்கச் சொல்வது அதனால்தான்: ஒன்றுக்குக் கேட்காத பக்கம் மற்றதற்குக் கேட்கும். நான் குளிர்பான ஸ்ட்ராவை வெட்டி, ஒரு துண்டை உடலின் நீளவாக்கிலும் மற்றதை குறுக்காகவும் ஒட்டி, முனைகளை அதற்குள் விடுகிறேன். கார்பன் ஃபைபர் குழாய், பேட்டரி, மோட்டார் வயர் ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். கார்பன் சிக்னலை மறைக்கும். ரிசீவரை ஃபோம் துண்டின் மேல் வெல்க்ரோவால் ஒட்டுங்கள்.

படி 8: ரேஞ்ச் சோதனை

டிரான்ஸ்மிட்டர் மெனுவில் ரேஞ்ச் செக் இருக்கும். ஆற்றலை வெகுவாகக் குறைத்து அனுப்பும். விமானத்தை இடுப்பு உயரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கையேடு சொல்லும் தூரம் நடங்கள். 30 எட்டு எடுத்து வைப்பது வழக்கமான அளவு. நடந்தபடியே ஏலரானை ஆட்டுங்கள். பிறகு நண்பர் விமானத்தை மெல்ல ஒரு சுற்றுத் திருப்பட்டும், அப்புறம் மூக்கை உங்களை நோக்கி நீட்டட்டும். மோட்டாரை ஓட்டியும் ஒரு தடவை. ஒரே ஒரு கோணத்தில் மட்டும் சர்வோ தடுமாறினால் ஆன்டெனாவை இடம் மாற்றுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் தடுமாறினால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

எல்லாம் தேறினால் ரேஞ்ச் செக் நிலையிலிருந்து வெளியே வந்துவிட்டு, புரொப்பெல்லரை மாட்டலாம். டிரான்ஸ்மிட்டர் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். விமானம் எங்காவது முட்டினால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், ஆன்டெனா வயர் ரிசீவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் அது பிய்யும். லேசாக ஆடினாலும் மறுபடி அந்த 30 எட்டு நடந்துவிட்டுத்தான் அடுத்த முறை பறப்பது.