ராயக்கோட்டையில் ஒரு வெள்ளோட்டம்: மலையேற்ற வாட்சைப் பழகும் முறை

உயரம், காற்றழுத்தம், திசை மூன்றையும் காட்டும் வாட்சைப் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "காலையிலிருந்து வீட்டை விட்டு நகரவே இல்லை, உயரம் மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? பீஸ் கோளாறா?"

கோளாறு இல்லை. இந்த வாட்சுக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே இருக்கும் சென்சார் காற்றழுத்தத்தை மட்டும்தான் அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்து உயரங்களில் ஏறக்குறைய 9 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு வாட்ச் ஓர் உயரத்தைச் சொல்கிறது. நீங்கள் நகராமல் காற்று மட்டும் மாறினாலும் அதற்கு நீங்கள் மலை ஏறிய மாதிரிதான்.

நம் வெப்ப மண்டலத்தில் இது தினமும் நடக்கும். காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்கு மணி வாக்கில் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். அதாவது சோபாவில் உட்கார்ந்தபடியே முப்பது மீட்டர் ஏறிவிடுவீர்கள்! இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை ராயக்கோட்டையில் பழகலாம். ரயில் நிலையம், கோட்டை மலை இரண்டும் ஒரே ஊரில் இருப்பது இந்தப் பயிற்சிக்கு ரொம்ப வசதி.

கிளம்பும் முன், வீட்டில்

நேரம், தேதி, அலகு. உயரத்துக்கு மீட்டர், அழுத்தத்துக்கு ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துவிடுங்கள். அடியும் அங்குலமும் வேண்டாம், நம் ஊர்ப் பலகைகள் மீட்டரில்தான் பேசும்.

சூரிய உதயம், அஸ்தமனம் காட்டும் வாட்ச் என்றால் ஊரைக் கவனியுங்கள். பல மாடல்களில் இந்தியா என்றால் பட்டியலில் டெல்லி மட்டும்தான் இருக்கும். மணி சரியாகத்தான் வரும், அஸ்தமனம்தான் உதைக்கும். ஜூன் மாதத்தில் டெல்லியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் மறையும், நம் பக்கம் ஆறே முக்காலுக்கே மறைந்துவிடும். அந்த அரை மணி நேர வித்தியாசத்தை நம்பி மலை உச்சியில் உட்கார்ந்திருந்தால் இறங்கும்போது டார்ச்சைத் தேட வேண்டியதுதான். அட்சரேகை, தீர்க்கரேகை போட வழியிருந்தால் 12.5 வடக்கு, 78 கிழக்கு என்று கொடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களுக்கும் அது போதும்.

ரயில் நிலையத்தில் உயரம் செட் செய்வது

பிளாட்பார்மின் இரு முனைகளிலும் இருக்கும் மஞ்சள் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். செலவில்லாமல் கிடைக்கும் நம்பகமான எண் அதுதான். வாட்சில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் பக்கத்துக்குப் போய், செட்டிங் பட்டனை அழுத்திப் பிடித்து, அந்த எண்ணை ஏற்றுங்கள். போனில் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை ஏற்றாதீர்கள். ஜிபிஎஸ் இடத்தைச் சொல்வதில் கெட்டி, உயரத்தில் அவ்வளவு இல்லை.

நேரம் இருந்தால் தருமபுரி நிலையத்திலேயே செட் செய்துவிட்டு ரயிலில் வாருங்கள். மாரண்டஹள்ளி தாண்டியதும் எண் வேகமாக ஏறும். ராயக்கோட்டையில் இறங்கி, அந்தப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் வாட்சின் லட்சணம் தெரிந்துவிடும். பத்து, பதினைந்து மீட்டர் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். இதைப் போல நல்ல சோதனை வேறு இல்லை என்பது என் கட்சி.

ஏறும்போது எந்த மோடு?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அழுத்தம் குறைந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நீங்கள் ஏறுகிறீர்கள், அல்லது வானிலை மாறுகிறது. எது என்று வாட்சுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடக்கும்போது ஆல்டிமீட்டர் மோடு. ஓரிடத்தில் தங்கும்போது, அழுத்த மாற்றத்தை வானிலை மாற்றமாக எடுத்துக்கொள்ளும் பாரோமீட்டர் மோடு. சில வாட்சுகளில் 'ஆட்டோ' உண்டு, அசைவைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும். மெதுவாக நடந்தால் அதுவும் ஏமாறும்.

புயல் எச்சரிக்கை அலாரம் கத்துவதும் இதனால்தான். சுன்டோ கோர் மாடலில், மூன்று மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அலாரம் அடிக்கும். பாரோமீட்டர் மோடிலேயே விட்டுவிட்டுக் கோட்டைக்கு ஏறினால், நாற்பது மீட்டர் தாண்டுவதற்குள் நிர்மலமான வானத்தின் கீழே நின்று புயல் வருகிறது என்று கத்தும். அதே சமயம், சித்திரை, வைகாசியில் திடீரென்று திரண்டு வரும் இடி மழையை முன்கூட்டியே சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது சின்ன வட்டாரத்தில் சட்டென்று உருவாவது. மேற்கே கருத்தால் வாட்சைப் பார்க்காமல் பாறையை விட்டு இறங்குங்கள்.

இன்னொன்று: பாரோமீட்டர் 910, 920 என்று காட்டினால் பதறாதீர்கள். செய்தியில் சொல்லும் 1010 கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டது. ஓசூர் உயரத்தில் நேரடி அழுத்தம் அவ்வளவுதான் இருக்கும்.

உச்சியில் திசை பார்ப்பது

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை இது. சுற்று வட்டாரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் என்பதால் காம்பஸ் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் காம்பஸைச் சரி செய்ய வேண்டும். மாடலைப் பொறுத்து, வாட்சைச் சமமாகப் பிடித்து மெதுவாகச் சுற்றச் சொல்லும், அல்லது காற்றில் எட்டுப் போடச் சொல்லும். போன், காந்த மூடி வைத்த பை, இரும்புக் கைப்பிடி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். பைக் பக்கத்தில் நின்று சரி செய்தால் நாள் முழுக்கத் தப்பாகக் காட்டும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை, அந்த வித்தியாசத்தைத் திருத்தும் செட்டிங்கைப் பூஜ்யத்திலேயே விடலாம்.

இப்போது வாட்சைத் தரைக்குச் சமமாக வைத்துத் திரும்பிப் பாருங்கள். கிருஷ்ணகிரி ஏறக்குறைய நேர் கிழக்கு, 90 டிகிரி. ஓசூர் வடமேற்கு, 315ஐ ஒட்டி வரும். தருமபுரி தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, 160 பக்கம். மூன்றும் பொருந்தினால் காம்பஸ் சரி. கையைச் சாய்த்துப் பிடித்தால் எண் எங்கேயோ ஓடுவதையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

இறங்கிய பிறகு

அடிவாரத்துக்கு வந்ததும், காலையில் அதே இடத்தில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் ஆகியிருந்தால் இருபது, முப்பது மீட்டர் கூடக் காட்டும். அதனால்தான் நீண்ட நடையில் உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் திரும்ப செட் செய்கிறார்கள்.

வெப்பநிலை? கையில் கட்டியிருக்கும்வரை அது உங்கள் உடம்புச் சூட்டையும் சேர்த்தே காட்டும். கழற்றி நிழலில் இருபது, முப்பது நிமிடம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு அடுத்துப் போக ஆசை வந்தால், வனத்துறை அனுமதி முதலில், வாட்ச் அப்புறம். யானை வருவதைச் சொல்ல எந்த சென்சாரும் கிடையாது.

பராமரிப்பு சுலபம். வியர்வையும் தூசியும் பக்கவாட்டில் இருக்கும் சென்சார் துளையை அடைக்கும். நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள். 30 மீட்டர் என்று பொறித்திருந்தால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை, மழைக்கும் கை கழுவவும் தாங்கும், அவ்வளவுதான். ஒகேனக்கலில் எண்ணெய் தேய்க்க உட்காருகிறீர்களா, கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு உட்காருங்கள். எண்ணெய் அந்தத் துளைக்குள் போனால் வாட்ச் சொல்லும் உயரத்தை அப்புறம் யாரும் நம்ப முடியாது.