நோ பார்க்கிங் போர்டு கண்ணிலேயே படாத இடத்தில் அபராதமா? எதிர்த்து மனு கொடுப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் இருக்கும் நமக்குக் கேரளா, தமிழ்நாடு என்று இரண்டு மாநிலத்து அபராதச் சலானும் வரும். காலையில் பாலக்காட்டில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் துணிக்கடை என்று ஓடுகிறோம். வண்டி கேஎல் 70 ஆனாலும் சரி, டிஎன் 41 ஆனாலும் சரி, வீடு வந்து சேர்வதற்குள் செல்போனில் இ-சலான் வந்து நிற்கிறது.

தப்பாக நிறுத்தியிருந்தால் கட்ட வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் போர்டு மரக்கிளைக்குள் மறைந்திருந்தாலோ, பெயின்ட் உரிந்து வெறும் தகரமாக நின்றாலோ, தடை எந்தப் பக்கத்துக்கு என்றே தெரியாமல் இருந்தாலோ அந்தப் பணத்தை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? "போனால் போகுது, 250 ரூபாய்தானே" என்று எல்லோரும் கட்டிவிடுவதால்தான் அந்தப் போர்டு அப்படியே கிடக்கிறது. அடுத்த ஆளுக்கும் அதே சலான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 1500 ரூபாய் வரை என்று 2019-லிருந்து இருக்கிறது. இன்றைக்குப் பேசாமல் கட்டினால், அடுத்த முறை இது முதல் தடவை என்று சொல்ல முடியாது.

முதலில் போட்டோ, மற்றதெல்லாம் அப்புறம்

முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளே அந்த இடத்துக்குப் போய்விடுங்கள். கிளையை வெட்டிவிடுவார்கள், பிளெக்ஸைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் உங்கள் வாய் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணனுக்கு இப்படித்தான் வந்தது. கோயில் திருவிழா பிளெக்ஸ் ஒன்றைப் போர்டுக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வட்டத்தின் கீழ்விளிம்பு மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. அண்ணன் பதறாமல் காரில் உட்கார்ந்தபடியே, கண்ணாடி வழியாக ரோடு எப்படித் தெரிகிறது என்று ஒரு போட்டோ எடுத்தார். பிறகு இறங்கிப் பிளெக்ஸைக் கிட்டத்தில் எடுத்தார். சலான் போட்ட போலீஸ்காரர் "ஓன்லைனில் அடச்சா மதி" (ஆன்லைனில் கட்டினால் போதும்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருவிழா முடிந்ததும் பிளெக்ஸ் காணாமல் போனது. மனுவுக்கு உயிர் கொடுத்தது ஓட்டுநர் சீட்டிலிருந்து எடுத்த அந்த முதல் படம்தான்.

அதனால் எடுக்க வேண்டிய முறை இதுதான். நீங்கள் வந்த திசையில், தெரு தொடங்கும் இடத்திலிருந்து வண்டி நின்ற இடம் வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள். நடந்துகொண்டே எடுக்கலாம், ஆனால் போனைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள். ஓட்டுபவர் பார்ப்பது அந்த உயரத்தில்தான். அடுத்து ஓட்டுநர் சீட்டிலிருந்து ஒரு படம். போர்டை மறைக்கும் பொருளோடு சேர்த்துக் கிட்டத்தில் ஒன்று. வண்டி நின்ற இடமும் போர்டும் ஒரே படத்தில் வருமாறு தூரத்திலிருந்து ஒன்று. இதில் பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகையோ மின்கம்பமோ கட்டாயம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இது வேறு தெரு என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வந்த சலானுக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் பாதிதான் உதவும். அதே நேரத்துக்குப் போய், தெருவிளக்கு எரிகிறதா என்பதையும் சேர்த்து எடுங்கள்.

இந்தப் படங்களை வாட்ஸப்பில் மகனுக்கு அனுப்பி, அவன் திருப்பி அனுப்பியதை பிரின்ட் போடாதீர்கள். அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். மூலப் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

வந்திருப்பது நிஜ சலான்தானா

அரசின் வாகனத் தளமான பரிவாஹன் பெயரில் வாட்ஸப்பில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல், வந்தால் தொடவே கூடாது. அதை இன்ஸ்டால் செய்து வங்கிக் கணக்கில் பணத்தை இழந்தவர்கள் கேரளாவில் ஏராளம். அரசின் தளம் ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். மெசேஜில் வந்த லிங்கை விட்டுவிட்டு, நீங்களே பரிவாஹன் இ-சலான் தளத்தைத் திறந்து சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் கேட்கும். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரிலும் பார்த்துக் கொடுப்பார்கள். சலானையும் அதிலிருக்கும் படத்தையும் டவுன்லோடு செய்து வையுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். எதிர்க்கப் போகிறீர்கள் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, அதோடு கதை முடிந்தது. "இப்போது கட்டிவிட்டு அப்புறம் கேட்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. நோட்டீஸில் ஒரு கெடு எழுதியிருக்கும், அந்தத் தேதிக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எந்தப் பிரிவு என்று பாருங்கள்

மனு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பார்க்கிங் சலான் பலவற்றில் 122-ஆம் பிரிவும் 177-ஆம் பிரிவும் இருக்கும். 122-ஐப் படித்துப் பார்த்தால் அதில் போர்டு என்ற பேச்சே கிடையாது. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ தேவையற்ற சிரமமோ வரும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஆகவே "போர்டு தெரியவில்லை" என்று மட்டும் எழுதினால், அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். வண்டி வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நின்றது, பஸ் போக இடம் இருந்தது, அதே வரிசையில் வேறு வண்டிகளும் நின்றன என்பதையெல்லாம் படத்தோடு சொல்லுங்கள்.

சலானில் 119-ஆம் பிரிவு இருந்தால் உங்கள் வாதம் இன்னும் பலமாகும். அது கட்டாயப் போக்குவரத்துச் சின்னத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பிரிவு. கண்ணுக்குத் தெரியாத சின்னத்துக்கு எப்படிக் கீழ்ப்படிவது?

வளைவிலோ ஆம்புலன்ஸ் வாசலிலோ பஸ் ஸ்டாப்பை அடைத்தோ நிறுத்தியிருந்தால் போர்டைப் பற்றிப் பேசாமல் கட்டிவிடுங்கள். அங்கே போர்டு வேண்டியதே இல்லை.

எது போர்டு, எது போர்டு இல்லை

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் வண்டியை நிறுத்தி விட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல இருந்தால் ஆள் இறக்கவும் நிற்கக் கூடாது. தடை எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எந்த நேரம் என்பதைக் கீழே உள்ள சிறு பலகை சொல்லும். நம் ஊர்களில் அந்தச் சிறு பலகைதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். வட்டம் மட்டும் இருந்து அம்புக்குறி இல்லையென்றால், உங்கள் வண்டி தடைக்குள் நின்றதா வெளியே நின்றதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மனுவில் இதைத் தனியாக எழுதுங்கள்.

116-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சின்னங்கள் சட்டத்தின் அட்டவணையில் சொன்ன அளவிலும் நிறத்திலும் வகையிலும்தான் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் ஷட்டரில் "இவிடெ பார்க்கு செய்யருது" (இங்கே வண்டி நிறுத்தக் கூடாது) என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பது அவருடைய வேண்டுகோள், அவ்வளவுதான். அடுத்தவர் வாசலை அடைக்காமல் இருப்பது மரியாதை. ஆனால் அந்த எழுத்தை வைத்து அபராதம் போட முடியாது.

"எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது" என்பதை முதல் காரணமாக வைக்காதீர்கள். சிவப்புக் கோட்டுக்கு மொழி கிடையாது, அதனால் அந்த வாதம் நிற்காது. ஆனால் சின்னமே இல்லாமல் மலையாளத்தில் மட்டும் நேரமும் தேதியும் எழுதிய பலகை என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

கேமரா பிடித்த சலான் என்றால் இன்னொன்று உண்டு. கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கிய 726 கேமராக்களில் 25 பார்க்கிங்கைக் கவனிப்பதற்காகவே வைத்தவை. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையைப் பளிச்சென்று தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பலகை இருந்ததா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் படம் எடுங்கள்.

மனு

சலானைப் போட்டது போலீஸா, மோட்டார் வாகனத் துறையா என்பது சலானிலேயே இருக்கும். போலீஸ் என்றால் அந்தக் காவல் நிலையத்துக்கும் அதற்கு மேலே உள்ள அதிகாரிக்கும், மோட்டார் வாகனத் துறை என்றால் அமலாக்கப் பிரிவு ஆர்டிஓவுக்கும் எழுத வேண்டும். பரிவாஹன் இ-சலான் தளத்தில் குறைதீர்ப்புப் பகுதியிலும் பதிவு செய்து, வரும் டிக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். தாள் மனுவை நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு.

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் நிறைய. எழுதலாம். அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுக் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமோ, அங்குள்ள தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. இது நம் பெரியவர்கள் போராடி வாங்கியது, பயன்படுத்தாமல் விட்டால் துருப்பிடித்துவிடும். வேலை சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் கூடவே இணையுங்கள்.

இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"ஐயா, ____ எண்ணுள்ள என் வண்டியை ____ தேதி ____ மணிக்கு ____ ரோட்டில் ____ கடைக்கு எதிரே நிறுத்தியதற்காக ____ எண்ணுள்ள சலான் வந்துள்ளது. ____ பக்கமிருந்து வரும் ஓட்டுநருக்கு அங்கே நோ பார்க்கிங் போர்டு தெரிவதில்லை. போர்டை ____ மறைத்துள்ளது (படம் 1, 2). தடையின் எல்லையைக் காட்டும் பலகை இல்லை (படம் 3). வண்டி ரோட்டோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றது (படம் 4). ஆகவே சலானை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்ய இயலாது எனில் அதற்கான காரணத்தையும், இந்த இடத்தில் பார்க்கிங்கைத் தடை செய்த உத்தரவின் நகலையும் தருமாறு வேண்டுகிறேன்."

கோபம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தாளில் இறக்காதீர்கள். படிக்கிற அதிகாரி படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், உங்கள் மீது எரிச்சல் கொண்டு அல்ல.

உத்தரவைக் கேட்டு வாங்குங்கள்

மனுவுக்குப் பதில் வராவிட்டால், அல்லது "போர்டு சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேரள அலுவலகத்துக்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டுவதானால் கேரள ஸ்டாம்ப்தான் செல்லும். பொள்ளாச்சியில் வாங்கியதை ஒட்டாதீர்கள். கேள்விகள் சுருக்கமாக இருக்கட்டும்: இந்த இடத்தை நோ பார்க்கிங் ஆக்கிய உத்தரவின் நகல், எங்கிருந்து எதுவரை, போர்டு வைத்த தேதி. கேரள நகரங்களில் இதை டிராபிக் ரெகுலேட்டரி கமிட்டி பேசி முடிவு செய்வது வழக்கம், ஆகவே நகரசபைக்கும் ஒரு மனு போடலாம்.

கோர்ட்டுக்குப் போனால்

சலான் கட்டாமல் இருந்தால் அது ஆன்லைனில் நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விடக்கூடும். அந்தத் தளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுத் தேடினால் உங்கள் போனுக்கு ஓடிபி வரும். உள்ளே போனால் இரண்டு வழி: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த இடத்துக்கான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும்.

இங்கே நிதானமாகக் கணக்குப் போடுங்கள். கோயம்புத்தூரில் இருப்பவர் பாலக்காட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும், ஒரு நாள் வேலை போகும். படம் தெளிவாக இருந்தால் மட்டும் போங்கள் என்பது என் எண்ணம். போனால் வக்கீல் இல்லாமலும் பேசலாம். "குற்றம் செய்யவில்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். பிரின்ட் எடுத்த படங்கள், படம் எடுத்த அதே போன், மனுவின் சீல் வைத்த நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அங்கே சொல்லும் சாட்சியம் மலையாளத்தில் இருந்து உங்களுக்குப் புரியாவிட்டால், புரியும் மொழியில் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அது சமரசம் என்பதைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். தொகை குறையலாம், ஆனால் உங்கள் பக்கம் நியாயம் என்று அங்கே தீர்ப்பு வராது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு ஒன்று. வாஹன் என்ற அரசின் வாகனப் பதிவேட்டில் பழைய ஓனரின் போன் எண்ணே இருந்தால் சலானும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும், கெடு முடிந்த பிறகே உங்களுக்குத் தெரியவரும். பரிவாஹன் தளத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சலான் ரத்தானதாகப் பதில் வந்ததும் அதே தளத்தில் மறுபடி தேடி, நிலுவை இல்லை என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் ரத்து உத்தரவின் நகலோடு உடனே எழுதுங்கள். நிலுவை என்று நின்றுகொண்டே இருந்தால் நாளைக்கு வண்டியை விற்கப் போகும்போது அது குறுக்கே வரும்.