பாலி புஷ் மாட்டிய காரில் 'கிறீச்' சத்தம்: காரணத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் காவலாளி ஒரு காலத்தில் என் காரைப் பார்க்காமலேயே கேட்டைத் திறந்துவிடுவார். தெருமுனை வேகத்தடையில் என் ஸ்விஃப்ட் ஏறி இறங்கும்போது எழும் 'கிறீ...ச்' அவருக்கு அழைப்பு மணி. சக்கர ஆர்ம்களின் மூட்டுகளில் இருந்த கம்பெனி ரப்பர் புஷ்களைக் கழற்றிவிட்டு ஆசை ஆசையாய் மாட்டிய பாலியூரித்தேன் புஷ்களின் கைங்கரியம் அது. மாட்டி ஒரே ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது.

புஷ்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடவே வந்த கிரீஸ் பொட்டலத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கையில் இருந்த பேரிங் கிரீஸைத் தடவி மாட்டியவன் நான்தான். அதே தவறைப் பலரும் செய்வதைப் பிறகு பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தால், பானா பிடித்துப் பழக்கமுள்ள எவரும் இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். புஷ்ஷை அழுத்திக் கழற்றும் வேலைக்கு மட்டும் பிரஸ் இருக்கும் பட்டறையை நாட வேண்டியிருக்கும்.

பானாவை எடுக்கும் முன்

சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், காரின் சட்டகத்தோடு சேரும் மூட்டில் இருப்பதுதான் புஷ். கம்பெனி புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு உறை, இரண்டுக்கும் நடுவே ரப்பர். மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைக்கப்பட்டவை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுகிக்கொடுக்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. எதுவும் எதன்மீதும் உரசுவதில்லை. அதனால்தான் லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரிலும் அதற்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை.

கடையில் தனியாக வாங்கும் பாலி புஷ் அப்படியன்று. பெரும்பாலானவற்றில் உள்குழாய் ஒட்டப்படாமல் தனியாகவே வரும். ஆர்ம் அசையும்போது பாலி அந்தக் குழாயின்மீது வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்கும் இடத்தில் மசகு வற்றினால் பாலி குழாயோடு ஒட்டும், விசை கூடியதும் சட்டென விடுபடும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல நூறு முறை இது நடந்தால் அதுதான் 'கிறீச்'. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதையேதான். அங்கே இசை, இங்கே இம்சை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. அச்சில் மசகு வற்றினால் வண்டி ஊரைக் கூட்டிவிடும்.

ஆக, ரப்பர் முறுகும், பாலி வழுக்கும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் கம்பெனி புஷ்கள் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். தெருவில் ஓட்டுவதற்கென்று விற்கப்படும் பாலி 70, 80 என்று தொடங்கும். பந்தயத் தடத்துக்கானவை 95 வரை போகும். கடினம் கூடக் கூட, சாலையின் கரகரப்பு உங்கள் இருக்கைக்கு நேராக வந்து சேரும். தார்ச்சாலையின் உறுமல், பாலத்து இணைப்புகளில் விழும் 'டப்' ஆகியவற்றை எந்தக் கிரீஸாலும் போக்க முடியாது. அது நீங்கள் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை. கிறீச்சும் 'டொக்'கும் மட்டுமே தீர்க்கக்கூடிய நோய்கள்.

படி 1: எது கத்துகிறது என்று பாருங்கள்

புஷ் மாற்றிய பிறகு வரும் சத்தமெல்லாம் புஷ்ஷிலிருந்துதான் வரும் என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப்போடாதீர்கள். ஸ்டெபிலைசர் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) லிங்க், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட், ஏன், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம்கூட இதே வேலையைச் செய்யும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஒருவரை முன்பக்க மூலையில் கையை ஊன்றி மேலும் கீழும் அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து கேளுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே தலையை நீட்ட வேண்டாம். சத்தம் வரும் திசை தெரிந்ததும், ஒரு தெளிப்பானில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷின் ஓரங்களில் அடியுங்கள். மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். இரண்டு மூன்று புஷ்களில் சேர்த்து அடித்தால் சோதனை வீண். மழையில் நனைந்த நாளில் அமைதியாகி, காய்ந்ததும் கத்தத் தொடங்கும் கார்களில் குற்றவாளி பெரும்பாலும் மசகு வற்றிய பாலிதான்.

'டொக்' என்று ஒற்றையாகக் கேட்டால் அது வேறு கதை. வற்றிய மசகு டொக் என்று சொல்லாது. தளர்ந்த போல்ட்டையோ தேய்ந்த துளையையோ தேடுங்கள். ஸ்டெபிலைசர் மேல் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க்குகளையும் கழற்றி, எதிலும் இடிக்காமல் கட்டிவைத்து, தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய்வாருங்கள். வளைவில் கார் வழக்கத்தைவிடச் சாயும், ஆகவே வேகம் வேண்டாம். சத்தம் காணாமல் போயிருந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

படி 2: அளந்துகொண்டு தூக்குங்கள்

காரைத் தூக்கும் முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து, பெயின்டர் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். கடைசிப் படியில் இந்த எண் உங்களைக் காப்பாற்றும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை, கை பிரேக், பிறகு ஜாக்கி, அதன்பின் இரண்டு ஸ்டாண்டுகள். ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றும்போது முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தால் அந்தக் கம்பி முறுகி நிற்கும். போல்ட் வெளிவரும் கணத்தில் கையைப் பதம் பார்க்கும்.

படி 3: கழற்றியதைப் படியுங்கள்

அவசரப்படுபவர்கள் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கோ இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். தேய்ந்த புஷ் ஏன் தேய்ந்தது என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும்.

உள்துளை கண்ணாடிபோல் பளபளத்து, கிரீஸின் சுவடே இல்லாவிட்டால் வெறும் வறட்சி. துடைத்து மசகிட்டு மறுபடி மாட்டலாம். துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால் பொருள் தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள். சட்டகத்தில் புஷ்ஷைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் காதுகளுக்கு (இரு பக்கத் தகடுகளுக்கு) அருகில் செந்நிறத் துரு மாவு படிந்திருந்தால் போல்ட் சரியாக இறுகியிருக்கவில்லை என்று பொருள். போல்ட் இறுகும்போது பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உள்குழாயைக் கவ்விப் பிடிக்க வேண்டும். குழாய் அசையாமல் நிற்க, பாலிதான் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். போல்ட் தளர்ந்தால் குழாயே போல்ட்டின்மேல் உருண்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். நம்முடைய 'டொக்' பெரும்பாலும் அங்கே பிறக்கிறது.

பக்கவாட்டு விளிம்பு பிதுங்கியோ நசுங்கியோ இருந்தால் குழாயின் நீளத்தைப் பாருங்கள். குழாயைப் பாலிக்குள் செருகி மேசைமீது நிறுத்தி, விரலால் மேல்முகத்தைத் தடவுங்கள். குழாய் பாலியைவிட முடியளவாவது நீண்டிருக்க வேண்டும். பாலி நீண்டிருந்தால் பிராக்கெட் குழாயைக் கவ்வுவதற்கு முன் பாலியைக் கவ்விவிடும். அப்புறம் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் கத்தும். சமதளமான பரப்பில் உப்புத்தாளை விரித்து, பாலியின் முகத்தைச் சீராகத் தேய்த்துக் குறைக்கலாம்.

கையில் எடுத்ததும் ஒட்டிக்கொண்டு, துண்டு துண்டாக உதிர்கிறதா? அது மலிவான பாலியின் அடையாளம். யூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை உராய்வையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் தண்ணீரே அதன் கட்டமைப்பை உடைத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் பாலியீத்தர் வகையே ஏற்றது. எந்த வகை என்று கேட்டால் விழிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

படி 4: பழைய புஷ்ஷை எடுத்தல்

முதல்முறை ரப்பரிலிருந்து மாறுபவர்களுக்கு மட்டும் இது. பிரஸ்ஸில் தள்ளிவிடுவதே நல்லது. ரப்பரைக் கொளுத்தி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, சூடு அதே ஆர்மில் இருக்கும் பால் ஜாயின்ட்டுக்குக் கேடு. மிக முக்கியம்: வெளி உறையை வெட்டி எடுக்கும் முன் கிட்டோடு வந்த தாளைப் படியுங்கள். சில கிட்கள் பழைய இரும்பு உறைக்குள்ளேயே பாலியைச் செருகும்படி செய்யப்பட்டவை. உறையை வெட்டிவிட்டால் புது பாலி ஆர்மில் கடகடவென ஆடும்.

படி 5: சுத்தம், பிறகு மசகு

உள்குழாயின் துருவையும் ஸ்டெபிலைசர் கம்பியில் புஷ் உட்காரும் இடத்தையும் நைசான எமரித் தாளால் மழமழப்பாகும்வரை தேயுங்கள். கரடான பரப்பு பாலிக்கு அரம். ஸ்டெபிலைசர் கம்பியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, புஷ்ஷில் குறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலேயே வெவ்வேறு வகைகளுக்குக் கம்பியின் தடிமன் மாறலாம். புஷ்ஷின் துளை ஒரு மில்லிமீட்டர் கூடினால் டொக், குறைந்தால் கிறீச்.

இனி கிரீஸ். கிட்டோடு வரும் கிரீஸ் பெரும்பாலும் சிலிக்கோன் அடிப்படையிலானது. விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்கு விடாது. அந்தப் பிசுபிசுப்புதான் மழைத் தண்ணீர் அதை அடித்துச் செல்லாமல் காக்கிறது. பேரிங்குக்கான சாதாரணக் கிரீஸ் எளிதில் கழுவிக்கொண்டு போய்விடும் (அனுபவம் பேசுகிறது). பொட்டலம் தீர்ந்துவிட்டால் நீர் புகாத, கெட்டியான சிலிக்கோன் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள்.

உள்துளை முழுக்கத் தடவுங்கள். பலரும் மறக்கும் இடம், பிராக்கெட்டின் காதுகளைத் தொடும் இரண்டு பக்க முகங்கள். அங்கேயும் உரசல் உண்டு, அங்கேயும் தாராளமாகத் தடவுங்கள். ஸ்டெபிலைசர் புஷ்ஷுக்குக் குழாய் கிடையாது, கம்பியே நேராகப் பாலிக்குள் திரும்பும். அங்கே குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கம்பியில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவி மாட்டினால் அமைதி நீண்ட நாள் நீடிக்கும்.

காரில் இன்னும் ரப்பர் புஷ்கள் மிச்சமிருந்தால் அவற்றின்மேல் இந்த ஆர்வத்தைக் காட்ட வேண்டாம். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பஞ்சாகிவிடும்.

படி 6: மாட்டுதல், கையால் சோதித்தல்

பாலியைக் கையாலேயே ஆர்மில் தள்ளிவிடலாம். உள்குழாயை வைஸ்ஸில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் குழாயின் விளிம்பு மடங்கிப் பாலியைச் சீவும்.

ஷாக் அப்சார்பரையும் பால் ஜாயின்ட்டையும் இணைக்கும் முன் ஆர்மின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, ஆர்மை மேலே தூக்கி விடுங்கள். எல்லாம் பாலி என்றால் அது தன் எடையிலேயே மெல்லக் கீழிறங்க வேண்டும், அல்லது விரலால் தள்ளினால் நகர வேண்டும். வானத்தைப் பார்த்து விறைத்து நின்றால் படி 3-இல் சொன்ன குழாய் நீளத்துக்குத் திரும்பிப் போங்கள். ஸ்டெபிலைசர் கம்பியும் அப்படித்தான்: லிங்க் மாட்டும் முன், பிராக்கெட்டுகளை இறுக்கிய பிறகு, கையால் திருப்பினால் திரும்ப வேண்டும்.

படி 7: கடைசி இறுக்கம்

ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதுவே அதன் ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். பாலி சுதந்திரமாகத் திரும்புவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம்மில் பலர் ஒரே ஆர்மில் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை ரப்பராகவே விடுவோம். அதனால் பழக்கத்தை ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்: லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கியை வைத்து, டேப்பில் எழுதிய உயரம் வரும்வரை தூக்கி, பிறகு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் பானா) இறுக்குங்கள். எவ்வளவு என்பது உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

எங்கே மாட்டக் கூடாது

கதவுக் கீல்போல ஒரே அச்சில் திரும்பும் மூட்டுக்குப் பாலி பொருந்தும். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் விஷ்போன் ஆர்ம்கள் நல்ல எடுத்துக்காட்டு. பல திசைகளில் நெளிய வேண்டிய மூட்டுக்கு அது பொருந்தாது. 1992 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக்குகளின் பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் புஷ் திரும்புவதோடு பக்கவாட்டிலும் சற்று நெளிந்துகொடுக்க வேண்டும். அங்கே கெட்டிப் பாலியை வைத்தால் ஆர்ம் சிக்கிக்கொள்ளும். 1979 முதல் 1993 வரை ஓடிய ஃபோர்டு மஸ்டாங்கின் பின்பக்க மேல் ஆர்ம்களிலும் இதே சிக்கல் பேர்போனது. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளிகளைப் பார்க்கலாம். பள்ளத்தில் விழும் சக்கரம் சற்றுப் பின்வாங்குவதற்கான இடம் அது. என் ஸ்விஃப்ட்டில் அந்த ஒன்றை மறுபடி ரப்பருக்கே மாற்றிவிட்டேன். ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் அன்றே குறைந்தது.

பராமரிப்பு

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள புஷ் என்றால் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் துப்பாக்கியால் இரண்டு அழுத்து. நிப்பிள் இல்லாதவற்றை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சோப்புத் தண்ணீர் சோதனைக்கு உட்படுத்துங்கள். சர்வீஸ் நிலையத்தில் காரைக் கழுவக் கொடுத்தால், அதிவேகத் தண்ணீரைப் புஷ்களின்மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.