பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போறீங்களா? முதலில் நெக்கைப் பாருங்கள்

நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். பழைய பேஸ் பார்க்கப் போகும் தம்பிகள் துணைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே இந்தப் பக்கம் வந்தவர்கள். புதிதாக வாங்கும் பணத்துக்குப் பழையதில் ஒரு படி மேலான கிட்டார் கிடைக்கும், அதனால் யோசனை நல்லதுதான். ஆனால் போனதும் எல்லோர் கண்ணும் பாடியின் நிறத்திலும் கீறலிலும்தான் நிற்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நெக், அதாவது ஸ்ட்ரிங்குகள் ஓடும் நீளக் கழுத்து.

பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) போனால் மாற்றலாம், பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பது) கரகரத்தால் நூறு இருநூறில் முடியும். ட்ரஸ் ராட் (வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) முறிந்த நெக்கைச் சரிசெய்யும் செலவுக்கு இன்னொரு பேஸே வாங்கிவிடலாம். சாதாரண பேஸின் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 34 அங்குலம், ஸ்ட்ரிங்கும் தடிமன். ஆறு ஸ்ட்ரிங் கிட்டாரை விட இதன் நெக் தாங்கும் இழுப்பு அதிகம். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் சேர்ந்தால், வருடக்கணக்கில் மூலையில் சாத்தி வைத்த பேஸ் வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சோதிப்பது சுலபம். ஸ்ருதி சேர்த்துவிட்டு, வாசிக்கிற மாதிரியே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே தடிமனான இ ஸ்ட்ரிங்கை இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட்) வலது கையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங்தான் உங்கள் அளவுகோல். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னால். இரண்டுமே ட்ரஸ் ராடில் சரியாகும், ராட் திரும்பினால். அதனால் விற்பவரிடம் கேட்டுவிட்டு, சரியான ஆலன் கீயைப் போட்டு கால் சுற்று மட்டும் திருப்பி, பழையபடி விடுங்கள். அசையவே இல்லையா, அல்லது பிடிமானமே இல்லாமல் சுற்றுகிறதா? நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்குகள் முடியும் இடம்) பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெக் நெடுகப் பாருங்கள். இ பக்கம் நேராகவும் மெல்லிய ஸ்ட்ரிங்கான ஜி பக்கம் வளைந்தும் இருந்தால் அது முறுக்கு. ட்ரஸ் ராடால் அதை எடுக்க முடியாது.

அடுத்து, ஆம்ப் இல்லாமலே ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். ஃபெண்டர் கம்பெனி மாதிரி பேஸ்களில் ஜி ஸ்ட்ரிங்கின் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒரு சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். விலை உயர்ந்தவற்றிலும் இது உண்டு. நீங்கள் அடிக்கடி நிற்கிற சுரமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆம்பில் போட்டதும் இரைச்சல் கேட்டால் உடனே விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடலில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். ஒன்றின் இரைச்சலை மற்றது அடிக்கிற மாதிரி சுற்றியிருப்பார்கள். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். அது அதன் இயல்பு. இரண்டும் முழுதாக இருந்தும் அடங்கவில்லை, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இன்னும் கூடுகிறது என்றால்தான் வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷனில் 1957 முதல் பிக்கப்பையே இரண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் இந்தத் தொல்லை இல்லை. ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சத்தம் சோர்ந்து உடைந்து வருவதற்குப் பெரும்பாலும் பழைய பேட்டரிதான் காரணம்.

காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெடலுக்கும் அப்படியே. உங்கள் அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துப் போங்கள். அடாப்டரில் இரைந்து பேட்டரியில் அமைதியாக இருந்தால் பெடல் மேல் குற்றமில்லை. இன்று பெரும்பாலானவை 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். ஆனால் பாஸ் (Boss) கம்பெனியின் பழைய பெடல்கள் சிலவற்றில் ஏசிஏ என்று போட்டிருக்கும், அதற்கு அடாப்டரே வேறு. குத்துமதிப்பாகச் செருகாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். டிஜிட்டல் பெடல் என்றால் எத்தனை மில்லியாம்ப் கேட்கிறது என்றும் பாருங்கள். பிறகு காலால் பத்துத் தடவை மிதியுங்கள், ஜாக்கில் கேபிளை ஆட்டுங்கள், பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவில் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) பேஸின் அடிச்சத்தம் மெலிவது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. பேஸுக்கு வேண்டுமென்றால் சுத்தமான சத்தத்தையும் கலந்து தரும் பிளெண்ட் குமிழ் உள்ளதாகத் தேடுங்கள்.

விற்கும்போது முதல் படமே குறை இருக்கிற இடமாக இருக்கட்டும்: தேய்ந்த ஃப்ரெட், பெயர்ந்த பெயிண்ட், எதுவானாலும் பகல் வெளிச்சத்தில். சீரியல் நம்பர், எடை, விலை மூன்றையும் எழுதுங்கள். ‘விலை இன்பாக்ஸில்’ என்று போட்டால் நானே தாண்டிப் போய்விடுவேன். நீங்கள் ஆசையாகப் போட்ட விலை உயர்ந்த பிக்கப்புக்கு யாரும் தனியாகப் பணம் தரமாட்டார்கள். கழற்றித் தனியாக விற்றுவிட்டு, பழையதையே மாட்டிக் கொடுங்கள்.

வெளியூருக்கு அனுப்பினால் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், மொத்தமாக அவிழ்க்க வேண்டாம். வழியில் உடைவது பெரும்பாலும் ஹெட்ஸ்டாக் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் தலைப்பகுதி) நெக்கோடு சேரும் இடம்தான். அதன் கீழும் மேலும் துணியோ ஃபோமோ அடைத்து, பெட்டியைக் குலுக்கினால் எதுவும் அசையாதபடி செய்யுங்கள். பெடலை அனுப்பும் முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.